வயதுக்கு வரும் நாவலாசிரியை

மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பேசுகிறவரைப் பார்த்தால் கழுத்து வலிக்கிறது, கூட்டத்தைப் பார்த்தால் யாரையோ முறைத்த மாதிரி ஆகிவிடுகிறது, மேலே பார்த்தால் திமிர் என்பார்கள், கீழே பார்த்தால் தூங்குகிறாள் என்பார்கள். நான் இப்போதைக்கு எதிரே இருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலைமையாசிரியை செல்வரதி மேடத்தின் வரவேற்புரை பள்ளியின் வரலாற்றுக்குள் போய், புதிதாகக் கட்டிய ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து என்னிடம் வர நேரமாகும். ஆகட்டும். அவர் முடித்ததும் நான் எழுந்து போய் மைக்கைப் பிடிக்க வேண்டும், பிடித்து ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் விட வேண்டும். சொல்லாவிட்டால் என் மகள் நித்திலா இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விடுவாள். நேற்று காலையில் சமையலறை வாசலில் நின்று, ரிப்பனை இறுக்கிக்கொண்டே, சண்டை போடுகிற குரலில்கூட இல்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்கிற குரலில் சொன்னாள். "ஒன் புக்குல வார குழலு நான் இல்லைன்னு நாளைக்கு நீ மேடையில சொல்லணும். சொல்லலேன்னா டிசி வாங்கிக் குடுத்துரு. ஆலங்குளத்து அத்தை வீட்டுல இருந்து படிச்சுக்கிடுதேன்." நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். பத்தாம் வகுப்பு நடுவில் டிசியா, பைத்தியமா உனக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அத்தையிடம் ஏற்கெனவே பேசிவிட்டாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழுகிற பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று எழுதித்தான் நான் பேர் வாங்கியிருக்கிறேன்.

எனக்குப் பின்னால் ஒரு பிளெக்ஸ் தொங்குகிறது. திரும்பிப் பார்க்க முடியாது, ஆனால் உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டேன், பார்த்ததிலிருந்து முதுகு கூசுகிறது. போன வாரம் செல்வரதி மேடம் போனில் கேட்டார், "நீங்க எழுதுறது குழந்தைக் கதைதான மேடம்?" இல்லை என்றேன். "அப்போ பெரியவங்க கதையா?" அதுவும் இல்லை. எனக்கு இதே பிழைப்பு. கல்யாண வீட்டில் விசாரிக்கிறவர்களுக்கும், பதிப்பகத்தில் புதிதாக வந்து சேருகிறவர்களுக்கும், எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நூலகர்களுக்கும் விளக்கி விளக்கி வாய் வலிக்கிறது. சின்னப் பிள்ளை என்று கொஞ்சவும் ஆளில்லாமல், பெரியவள் என்று மதிக்கவும் ஆளில்லாமல் நடுவில் நிற்கிற பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். இளையோர் நாவல் என்றால் எந்தக் கட்சி இளைஞர் அணி என்று கேட்டவர்கூட உண்டு. அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "கமிங் ஆஃப் ஏஜ்னு சொல்லுவாங்க மேடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதை யாரோ அக்கறையாகத் தமிழ்ப்படுத்தியிருக்கிறார்கள். தமிழில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். 'வயதுக்கு வரும் நாவலாசிரியை திருமதி சங்கரவடிவு ஆறுமுகநயினார் அவர்களே, வருக வருக!' பிளெக்ஸ் கடைக்காரரைச் சொல்லியும் குற்றமில்லை, அந்தச் சொல்லைப் பார்த்ததும் கை தானாக அங்கே போயிருக்கும். சடங்கு வீட்டு பிளெக்ஸுக்குப் போடுகிற அதே ரோஜாப்பூ ஓரம், இரண்டு பக்கமும் மயில், குத்துவிளக்கு, நடுவில் நாற்பது தாண்டி மூக்குக் கண்ணாடியோடு நான். டீச்சர்களுக்கு உறைக்கவில்லையா, உறைத்தும் இனி என்ன செய்வது என்று விட்டுவிட்டார்களா தெரியவில்லை. பிள்ளைகளுக்கு உறைத்துவிட்டது. கடைசி வரிசைகளில் ஆரம்பித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, வாயைப் பொத்துகிறார்கள், தோள் மட்டும் குலுங்குகிறது. வேறு ஊர்ப் பள்ளிக்கூடம் என்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன், வீட்டுக்குப் போய் ஒரு கட்டுரையே எழுதியிருப்பேன். பையன்களுக்கு வயதாகிறது, பெண்கள்தான் வயதுக்கு வர வேண்டியிருக்கிறது, வயது என்னவோ தாசில்தார் ஆபீஸ் மாதிரி ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க நாம் போய் ஆஜராக வேண்டும். ஒருநாள் காலையில் பாவாடையில் கறையைப் பார்த்த நிமிஷத்தோடு வேலை முடிந்தது, வந்து சேர்ந்தாயிற்று, பந்தல் போடு. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன ஆகிறது என்பதற்குச் சொல்லே கிடையாது. அந்தச் சொல் இல்லாத இடத்தில்தான் நான் கடை விரித்திருக்கிறேன். நல்ல கட்டுரை. ஆனால் இந்தக் கூட்டத்தில் எங்கேயோ நித்திலா உட்கார்ந்திருக்கிறாள், அந்தச் சிரிப்பு என்னை நோக்கி வரவில்லை, அவளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

'குழலு எங்கே போனாள்' தை மாதம் வெளிவந்தது. குழல்வாய்மொழி என்பது குற்றாலத்து அம்மன் பேர், எங்கள் தென்காசிப் பக்கத்தில் தெருவுக்கு ஒருத்தி இருப்பாள், கூப்பிடுவது குழலு. எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஆனி மாதம் சாரல் பிடித்த ஒரு காலையில் அவளுக்கு அது வந்துவிடுகிறது. தெரிந்தால் மைக்செட் கட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, ஊரையே கூப்பிட்டுக் காட்டுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. மாசி வரைக்கும் சொல்லவில்லை. நடுவில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வருகிறது, முளைப்பாரி சுமக்கிறாள், அவளுக்கு அது வந்திருக்கிற மூன்று நாளில் ஒரு நாள் அது. தெருவிலேயே அவளுடைய பாரிதான் அடர்ந்து வளர்ந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் வகுப்பில் எல்லோருக்கும் நடுவில் எழுந்து நின்று தானே சொல்லிவிடுகிறாள். அந்தப் பக்கத்துக்காக எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் எனக்கு எழுதினார்கள், நாமக்கல்லிலிருந்து ஒருத்தி, காரைக்காலிலிருந்து ஒருத்தி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவிடம் பேசினேன் ஆன்ட்டி என்று. சந்தோஷமாகத்தான் இருந்தது. புத்தகம் இந்தப் பள்ளி நூலகத்துக்கும் வந்தது, வந்த சூட்டில் நித்திலாவின் வகுப்பு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. எழுத்தாளருக்கு ஒரே மகள். மகளுக்குச் சடங்கு வைக்கவில்லை. மகள் போன கொடைக்கு முளைப்பாரி எடுத்தாள். பிறகு என்ன, குழலு யார் என்று கேட்கவும் வேண்டுமா? முதலில் சும்மா கேலி. ஏ குழலு, பென்சில் குடு. வருகைப் பதிவில் நித்திலா என்றதும் பின்னாலிருந்து எவளோ, அவ குழலு மிஸ். அப்புறம் அது பிள்ளைகளிடமிருந்து அம்மாக்களிடம் போயிற்று. தீட்டோட பாரி தூக்கிட்டாளாமே, அதான் இந்த வருஷம் சாரலே சரியா விழல. இதைச் சொன்ன அம்மா என்னை ரேஷன் கடையில் பார்த்தால் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். ஒருநாள் நித்திலா பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். "சொல்லு, யாரும்மா அது?" கற்பனைட்டி என்றேன். "கற்பனைக்கு எதுக்கு நம்ம தெரு, நம்ம கோயில், நம்ம வீட்டு அடுக்களை ஜன்னல்?" எழுத்தாளர்கள் அப்படித்தான், பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து, என்று நான் மேடைப் பேச்சை ஆரம்பித்தேன். "சரி, அப்போ யார்ட்டப் பாத்தே?" நான் காபி கலக்கப் போனேன். அன்றிலிருந்து அவள் காபி குடிப்பதில்லை.

யாரிடம் பார்த்தேன். என் பெரியப்பா மகள் செண்பகத்தை நாற்காலியில் உட்கார வைத்ததைப் பார்த்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு, அவளுக்கு என்னைவிட ஒரு வயது கூட. அவளும் நானும் ஒரே வகுப்பு, வாய்க்காலில் ஒரே கல்லில் இருந்து குதிக்கிறவர்கள், இப்போது அவள் சேலை கட்டி, தலையில் பாதிக்கு மேல் பூவோடு, ஒரு சிவப்பு நாற்காலியில். மைக்செட்காரன் வாசலில் ஒரு குழாயும் முடுக்கில் ஒரு குழாயும் கட்டியிருந்தான். ஆண்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். யாரும் தப்பாக எதுவும் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எழுத வராத இடம், யாராவது ஒருத்தர் தப்பாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரை வில்லனாக வைத்து ஒரு அத்தியாயம் எழுதிவிடலாம். கணக்கு சார் வந்தார். பெரியப்பா பத்திரிகை கொடுத்திருந்தார், மரியாதைக்கு வந்தார், நன்னா இரும்மா என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டுப் போனார். செண்பகம் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த வாரம் வகுப்பிலும் பார்க்கவில்லை, அதற்கடுத்தும் இல்லை. கரும்பலகைக்குக் கூப்பிட்டால் எழுந்து நின்று டெஸ்க்கையே பார்த்தாள். முழுப் பரீட்சைக்கு முன்னால் படிப்பை நிறுத்திவிட்டாள். கணக்கு வரல, அதான் நின்னுட்டா என்று வீட்டில் சொன்னார்கள். எனக்குத் தெரியும் அவளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று. எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததே அவள்தான். மேடம் இப்போது எதற்கோ கைதட்டச் சொல்கிறார், நானும் தட்டுகிறேன், கழுத்து மாலையிலிருந்து ஒரு சம்பங்கி உதிர்ந்து பாட்டில் பக்கத்தில் விழுகிறது. இன்றைக்கு இந்த வாசலிலும் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், பட்டுச் சேலை கட்டிக்கிட்டாத்தான் வீடியோவுல எடுப்பா இருக்கும் என்று என் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். இந்த நாற்காலியும் சிவப்பு. இதிலிருந்து தப்பிக்கத்தான் அவ்வளவு பாடுபட்டேன், தானாகவே நடந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனியிலிருந்து மாசி வரைக்கும். சாரல் காலத்தில் தென்காசியில் ஒரு கைக்குட்டை காயாது. ஈரத் துணியைப் பாவாடைக்கு அடியில் கொடியில் போட்டு, அதுவும் காயாமல், ராத்திரி பாய்க்கு அடியில் விரித்து அதன் மேல் படுத்து என் சூட்டிலேயே காயவைத்தேன். விடிந்து எழும்போது முதுகு சில்லென்று இருக்கும். வாசனை வருகிறதோ என்று யார் பக்கத்திலும் உட்கார மாட்டேன், அம்மா கூப்பிட்டால்கூட நிலைப்படியிலேயே நின்று என்னம்மா என்பேன். அந்த மாதங்களில்தான் எழுத ஆரம்பித்தேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று யாரும் கேட்டதில்லை, தனியாக இருந்தேன் என்று நானும் முடித்துவிடுவேன். முளைப்பாரி எடுத்தேன். அம்மனுக்குக் கண் தெரியும் என்றால் இப்போதே கீழே விழுந்து செத்துப்போவேன் என்று நினைத்துக்கொண்டே தெரு முழுக்க நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிள்ளை கை ராசியான கை என்று கோயிலில் வைத்துச் சொன்னார்கள். மாசியில் அம்மா பாயைச் சுருட்டும்போது பார்த்துவிட்டாள். அடிப்பாள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அம்மா அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தன மாசமாட்டி?" சொன்னேன். "எல்லாத்தையும் தொட்டிருக்கியே, கொடைக்கு வேற…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள், வெளியே எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அம்மா செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள், "ஆனது ஆயிப்போச்சு. சொல்லுததுதான் சொல்லப் போறோம், நல்ல நாளாப் பாத்துச் சொல்லுவோமா?" வெள்ளிக்கிழமை, நல்ல நட்சத்திரம், ராகு காலம் கழிந்து அரை மணி நேரம். அந்த நேரத்தில் எனக்கு வந்ததாக முடிவு செய்தோம். ஜோசியர் அதை வைத்து ருது ஜாதகம் கணித்தார். கணித்து முடித்துவிட்டு, இந்த நேரத்துல ஆன பிள்ளை போற வீட்டுல மகாலட்சுமி என்றார். ஆகாமல் என்ன, அம்மா தேர்ந்தெடுத்த நேரம் அல்லவா.

பிறகு அதே மைக்செட்காரன், அதே நாற்காலி, நானும் உட்கார்ந்தேன், தப்பித்ததாக நினைத்தது ஒத்திப்போட்டதுதான். பத்து வருஷம் கழித்துப் பெண் பார்க்க வந்த என் மாமனார் பிறந்த ஜாதகத்தோடு ருது ஜாதகத்தையும் கேட்டு வாங்கினார். எல்லா வீட்டிலும் பார்ப்பதில்லை, அவர் பார்த்தார். பிறந்த ஜாதகத்தில் ஏதோ ஒன்று உதைத்ததாம், அதை ருது ஜாதகம் சரிக்கட்டிவிட்டதாம். முன்வரிசையில் காலை அகட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறாரே, என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார், மின்வாரியத்தில் வேலை, என் நாவல் எதையும் முழுதாகப் படித்ததில்லை, ஆனால் எந்த நாவல் எங்கே பரிசு வாங்கியது என்று தேதியோடு சொல்வார். யார் வீட்டுக்கு வந்தாலும் காபி முடிவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிடும். "வடிவோட ருது ஜாதகம் இருக்கே, கோடியில ஒண்ணு. எங்கப்பா அத வச்சுத்தான் முடிச்சார். பாருங்க, எங்களுக்குள்ள ஒரு பெரிய சண்டை வந்திருக்கா?" வந்தது, ஒரே ஒரு தடவை, நித்திலாவுக்குச் சடங்கு வேண்டாம் என்று நான் சொன்னபோது. ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார், அதற்கும் காரணம் அந்த ஜாதகம்தான். இந்த மனுஷனுக்கு முன்னால் எழுந்து நின்று அந்த நேரமே பொய் என்று எப்படிச் சொல்ல? அவர் என்னைத் திட்ட மாட்டார். வீட்டுக்கு யாராவது வந்தால் இனிமேல் என்ன பேசுவார் என்பதுதான் எனக்குப் பயம். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சு வருகிற இடத்தில், வெயிலைப் பற்றிப் பேசுவார்.

சொல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. அது என் மகள் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். நித்திலா கேட்டது அவ்வளவுதானே. ராத்திரி முழுக்க அந்த வாக்கியத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன், குழலு என் மகள் அல்ல, குழலுவுக்கும் என் மகளுக்கும் சம்பந்தமில்லை, குழலு கற்பனைப் பாத்திரம். எப்படி எழுதினாலும் அந்த வாக்கியத்தில் என் மகள் இருக்கிறாள். இல்லை என்று சொல்வதற்காகவே அவளைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைக்கிறேன், எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும், இல்லையாமே, இல்லையாமே. பிறகு யார் நம்பப் போகிறார்கள்? நானே நம்ப மாட்டேன். தொழில் தெரிந்தவள், மறுப்பு எப்படி வாசிக்கப்படும் என்று எனக்குத் தெரியாதா. ஒரு பெயரை அழிக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் இன்னொரு பெயரை எழுத வேண்டும். இது இன்று காலை தோசை ஊற்றும்போது தெரிந்துவிட்டது, தெரிந்ததும் மாவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு விமர்சகர் எழுதியிருந்தார், இவருடைய கதைகளில் கடைசிப் பக்கத்தில் பெண் வாய் திறப்பாள், அதுவே இவர் முத்திரை என்று. உண்மைதான். கடைசிப் பக்கத்தைத்தான் நான் முதலில் எழுதுவேன், அவள் எழுந்து நிற்கிறாள், சொல்கிறாள், அவ்வளவு எழுதி வைத்துக்கொண்டால்தான் முதல் பக்கத்துக்குத் தைரியம் வரும். ஒரு தடவை நித்திலா என் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "ஒன் புக்குல எல்லாப் பிள்ளையும் கடைசில பேசிருது. நெசத்துல யாரும்மா பேசுதா?" வாசகர் கருத்து என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். அவள் கருத்துச் சொல்லவில்லை, கேள்வி கேட்டிருக்கிறாள் என்பது இப்போது, இந்த நாற்காலியில், தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரிகிறது. எத்தனை பிள்ளைகளை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன், ஒருத்திக்கும் முழங்கால் நடுங்கியதாக எழுதியதில்லை. எனக்கு இப்போதே நடுங்குகிறது, இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை. "…அவர்களை அன்போடு அழைக்கிறேன்" என்கிறார் செல்வரதி மேடம். யாரை என்று ஒரு நொடி யோசித்தேன்.

கைதட்டலில் நடந்து போனதும், மைக் என் உயரத்துக்கு இல்லாமல் இறக்கியதும், அது கிறீச்சிட்டதும் தெரியும். நீல வெள்ளைச் சீருடையில் எல்லோரும் ஒரே மாதிரி இரட்டைச் சடை, நித்திலாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் முகம் தெரியாததும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். புத்தகம் வாசிப்பதன் அவசியம் என்று தயார் செய்து வைத்திருந்த பேச்சில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "எல்லாருக்கும் வணக்கம். குழலு யாருன்னு நெறைய பேர் கேக்கீங்க" என்று ஆரம்பித்தேன், எழுத்துத் தமிழ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, வீட்டுப் பேச்சுதான் வந்தது. பின்வரிசைத் தோள்கள் குலுங்குவதை நிறுத்தின. "குழலு நான்தான். எனக்குத்தான் ஆனியில வந்துச்சு. எங்க அம்மாட்டகூடச் சொல்லல, மாசியில அவங்களே கண்டுபிடிச்சாங்க. முளைப்பாரியும் நான்தான் தூக்குனேன். அப்புறம் நானும் எங்க அம்மாவுமாச் சேந்து ஒரு நல்ல நேரம் பாத்து, அன்னைக்குத்தான் வந்துச்சுன்னு ஊருக்குச் சொன்னோம். புக்குல எல்லாம் நெசம். கடைசிப் பக்கம் மட்டும் பொய். நான் எந்திரிச்சு நின்னு யார்ட்டயும் சொல்லல. இப்பதான் சொல்லுதேன்." செல்வரதி மேடத்தின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. முன்வரிசையில் ஆறுமுகநயினாரின் கை மெதுவாக இறங்கியது, போன் மடிக்கு வந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நல்ல நேரம் என்ற சொல்லை அவர் மனசுக்குள் திருப்பிப் போட்டுப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது, இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் எனக்குத் தெரியாத ஒரு கோணமும் இல்லை. பிறகு என்ன நினைத்தாரோ, மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, போனை மறுபடியும் தூக்கிப் பிடித்தார். கைதட்டலாமா கூடாதா என்று டீச்சர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்து கலந்துரையாடல் என்று நிகழ்ச்சி அட்டையில் எழுதியிருந்ததால் செல்வரதி மேடம் ஓடி வந்து, "கேள்வி கேக்கலாம், மாணவிகள் யாராவது கேள்வி கேக்கலாம்" என்றார்.

ஒரு கை எழுந்தது. நடுவரிசையில், இவ்வளவு நேரம் நான் தேடிய இடத்துக்கு இரண்டு வரிசை தள்ளி. எல்லாத் தலைகளும் திரும்பி அவளைப் பார்த்தன, குழலுவைப் பார்க்கிற மாதிரி இல்லை, அடுத்து என்ன என்று பார்க்கிற மாதிரி. யாரோ மைக்கை அவளிடம் கொடுத்தார்கள். "வணக்கம். என் பெயர் நித்திலா. பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு." கேள்வி கேட்கிறவர்கள் பேரும் வகுப்பும் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும், இந்தப் பள்ளியின் வழக்கம். "எழுத்தாளர் அவர்களிடம் ஒரு கேள்வி." அதுவரை பாடப் புத்தகம் வாசிக்கிற குரலில் இருந்தவளுக்கு அதற்கு மேல் அந்தக் குரல் வரவில்லை. "இத்தன பேர்ட்டயும் சொல்லுதியே. எங்கிட்ட ஏன் சொல்லல?" பரிசு மேடைகளில் எத்தனையோ கேள்விகளைச் சமாளித்திருக்கிறேன். "பயம்ட்டி" என்றேன். அது ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. "நீ என்னைய என்ன நெனப்பியோன்னு பயம்." அவள் மைக்கை வாயருகே பிடித்தபடி நின்றாள். பதில் கிடைத்ததும் நன்றி சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும், வந்திருப்பது பெண் என்றால் கூடவே அம்மா என்று சேர்க்க வேண்டும், அதுவும் இங்கே வழக்கம்தான், யார் வந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் சொல்வது. "நன்றி" என்றாள். மைக்கில் அவள் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. "அம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.